கீபோர்ட் வச்ச டச் போன் புறக்கோட்டை வியாபாரிக்குச் சரிவருமா: ஒரு நிகழ்வு ஆய்வு

மாமா கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில வெங்காயம், செத்தல் மிளகாய், பருப்பு மொத்த வியாபாரம் செய்யிறவர். வீடு வெள்ளவத்தையில, வயசு அறுபதைத் தாண்டிட்டுது, கண்ணில வெள்ளெழுத்து, மூக்குக் கண்ணாடி இல்லாட்டி ஸ்க்ரீனில இருக்கிற எழுத்து அவருக்குக் கலங்கலாத்தான் தெரியும். டச்சும் வேணும், கீழ அமத்துற கீபோர்ட்டும் வேணும், அப்பிடி ஒரு போன் இப்பவும் வாங்கலாமா எண்டு கேட்டார், பாத்துச் சொல்லுற பொறுப்பு என்னட்ட வந்துது. நான் சோதிச்சதையும் அவர் பாவிச்சுப் பாத்ததையும் இங்க முழுசா எழுதுறன். ஏனெண்டா இந்தப் போன்களைப் பற்றி எழுதுற ஆக்கள் கூடுதலா ஆங்கிலத்தில ரெண்டு மெயில் அடிச்சுப் பாத்துட்டு நல்லம் எண்டு முடிச்சிடுறாங்கள், தமிழில நாள் முழுக்க எழுதுற ஒருத்தருக்கு அது என்ன பாடு எண்டு நான் தேடின இடத்தில ஒண்டும் கிடைக்கேல்ல.

முதல் வேலையா மாமா போனில என்னத்தை எழுதுறார் எண்டதைப் பிரிச்சுப் பாத்தன். காலமை தூத்துக்குடிக்கும் மும்பைக்கும் துபாய்க்கும் மெயில் போகும், கொன்டெய்னர், கப்பல், பேமென்ட் சங்கதி, எல்லாம் ஆங்கிலம். பிறகு கடை திறந்த கையோட அண்டைய விலை, அது வெறும் இலக்கம், சாமான் பேருக்குப் பக்கத்தில கிலோ விலை, மூட்டைக் கணக்கு. அதுக்குப் பிறகு பின்னேரம் வரைக்கும் வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் பக்கத்துக் கடைக்காரரோடயும் லொறி டிரைவர்மாரோடயும் வட்ஸ்அப், அது முழுக்கத் தமிழ், எண்ணிக்கையில பாத்தா இதுதான் ஆகக் கூட. சிங்கள ஆக்களோட அவர் கோல் எடுத்துக் கதைக்கிறதுதான், எழுதுறேல்ல.

பிரச்சினை எங்க வந்ததெண்டா இலக்கத்தில. செத்தல் மிளகாய்க்கு விலை அனுப்பேக்க ஒரு இலக்கம் பக்கத்து இலக்கமா விழுந்து, கிலோவுக்குப் பத்து ரூபா குறைஞ்ச விலை ஒரு கடைக்காரருக்குப் போயிட்டுது. அந்த ஆள் அந்த விலைக்கே சாமான் கேட்டார், மாமா குடுத்தார், அனுப்பினது அனுப்பினதுதான், சொன்ன சொல் மாறேலாது எண்டு நினைக்கிற மனுசன் அவர். புறக்கோட்டையில எழுதிக் கையெழுத்து வைக்காமலே லட்சக்கணக்கில கொடுக்கல் வாங்கல் நடக்குது, அது நடக்கிறதே இப்பிடியான ஆக்களாலதான். அதால அவருக்கு எந்தப் போன் எண்ட கேள்வியை நான் விளையாட்டா எடுக்கேல்ல.

டச் ஸ்க்ரீனில பிழை விழுகிறதுக்கு அவற்ற கண் மட்டும் காரணமில்ல. விரல் பட்டா அந்த இடத்தில மின்னேற்றம் மாறுறதை வச்சுத்தான் ஸ்க்ரீன் எங்க தொட்டது எண்டு கண்டுபிடிக்குது, விரலிலயோ ஸ்க்ரீனிலயோ வியர்வை படிஞ்சிருந்தா அந்தக் கணக்குக் குழம்பும். கொழும்புப் புழுக்கத்தில, காத்து வராத கடைக்குள்ள, மூட்டையைத் தொட்டுப் பாத்த கையோட போனைத் தூக்கிற ஆளுக்கு இது நாளாந்தம் வாற கரைச்சல். அமத்துற கீ அப்பிடியில்ல, ஈரமோ தூசோ, அமத்தினா அமந்ததுதான், அதோட எந்தக் கீயில விரல் நிக்குது எண்டது பாக்காமலே தெரியும்.

மாமாவுக்கு இது புதுசும் இல்ல. 2011இல வந்த பிளாக்பெரி போல்ட் 9900 வச்சிருந்தவர், அதில 2.8 அங்குல டச் ஸ்க்ரீனும் கீழ கீபோர்ட்டும் சேந்தே இருந்தது. அந்தக் காலத்தில கொழும்பு வியாபார ஆக்களில நிறையப் பேற்ற கையில பிளாக்பெரிதான், விலை கேக்கிறது, சாமான் விடுறது எல்லாம் பிபிஎம் எண்ட பிளாக்பெரியின்ர மெசேஜ் அப்பில ஓடினது. 2019 மே 31ஓட பொதுப் பாவனைக்கான பிபிஎம்மை நிப்பாட்டினாங்கள், 2022 ஜனவரி 4ஓட பழைய பிளாக்பெரி ஓஎஸ்ஸுக்கும் பிளாக்பெரி 10க்கும் இருந்த சேவைகளையும் நிப்பாட்டியாச்சு. அதால போல்ட், கியூ10, சதுர ஸ்க்ரீன் பாஸ்போர்ட் இதுகளை ஆராவது பெட்டியோட புதுசா வச்சு வித்தாலும் வாங்காதேங்கோ, இண்டைக்கு அதுகள் அலுமாரியில வச்சுப் பாக்கத்தான் சரி. ஆண்ட்ராய்டில ஓடுற பிளாக்பெரிகள் அந்த நிறுத்தத்துக்குள்ள வரேல்ல, ரெண்டையும் ஆக்கள் போட்டுக் குழப்புறாங்கள்.

அப்பிடிப் பாத்தா கைக்கு எட்டுறது கொஞ்சம்தான். 2015இல வந்த பிரிவ், ஸ்க்ரீனுக்குக் கீழ இருந்து கீபோர்ட்டை இழுத்தெடுக்கிறது. பிறகு டிசிஎல் கொம்பனி பிளாக்பெரி பேரில செய்த கீவன் 2017இல, கீ2 2018இல. டிசிஎல் 2020 ஓகஸ்ட் 31ஓட பிளாக்பெரி போன் விக்கிறதை விட்டிட்டுது, பிறகு வேற ஒரு கொம்பனி 5ஜி மொடல் கொண்டு வாறம் எண்டு சொல்லி 2022இல கடையை மூடிட்டுது. இப்பவும் புதுசா செய்யிற கொம்பனிகளில ஒண்டு யூனிஹெர்ட்ஸ், டைட்டன் எண்ட பேரில. முதலாம் குறுக்குத்தெருவிலயும் லிபர்ட்டி பிளாசாவிலயும் விசாரிச்சுப் பாத்தா கிடைக்கிறது பழைய கீவன், கீ2 மட்டும்தான். தெரிஞ்ச ஒரு அண்ணை தன்ர கீ2வை இரவல் தந்தார், அதை வச்சுத்தான் சோதிச்சம்.

கீ2வில 4.5 அங்குல ஸ்க்ரீன், ஸ்னாப்டிராகன் 660, 6 ஜிபி ரேம், 3500 எம்ஏஎச் பற்றரி, ஆண்ட்ராய்டு 8.1. ஸ்பேஸ் பாரிலயே கைரேகை வச்சுத் திறக்கலாம், ஹெட்போன் ஓட்டையும் இருக்கு. முந்தின கீவன்ட கீகளை விட இதில உயரம் 20 வீதம் கூட, இது காகிதத்தில சின்ன விசயமாத் தெரியும், ஆனா மாமாட பெருவிரல் பருமனுக்கு அந்த உயரம்தான் வித்தியாசத்தைக் காட்டினது.

இலக்கத்தில இருந்து சொல்லுறன், ஏனெண்டா தேடலே அதிலதான் தொடங்கினது. பிளாக்பெரி கீபோர்ட்டில இலக்கத்துக்குத் தனி வரிசை கிடையாது, டபிள்யூ, ஈ, ஆர் கீகளில 1, 2, 3, அதுக்குக் கீழ எஸ், டி, எஃப்பில 4, 5, 6, அதுக்கும் கீழ 7, 8, 9, சைபர் மட்டும் ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்தில. அதாவது பழைய பட்டன் போன் ஒழுங்கு அப்பிடியே இடப்பக்கம் குந்தியிருக்கு. ஆல்ட் கீயை ரெண்டு தரம் தட்டிப் பூட்டிட்டா முழுக்க இலக்கம்தான் விழும். மாமாவுக்கு போல்ட்டில பழகின கை எண்டபடியா முதல் நாளே கண்ணாடியைப் போடாமல் விலை லிஸ்ட் அடிச்சார், பிறகு நான் எடுத்து வாசிச்சுப் பாத்தன், பிழையில்ல. நடுவில ஒரு பருப்பு விலைக்கு விரலை வச்சு, அமத்தாமல் ஒரு கணம் நிண்டு, பக்கத்துக் கீக்குத் தள்ளி அமத்தினவர். எனக்கு அதைப் பாத்தோடனதான் விசயம் வடிவா விளங்கினது, அமத்துற கீயில விரல் முதல்ல தேடும், பிறகு முடிவெடுக்கும், டச்சில தேடுறதுக்குத் தொட்டாலே எழுத்து விழுந்திடும். விலை அனுப்பிற ஆளுக்கு அந்த ஒரு கணம்தான் வேணும்.

ஆங்கில மெயிலும் அப்பிடித்தான், நல்லம். வெள்ளவத்தையில இருந்து புறக்கோட்டைக்கு 100ஆம் நம்பர் பஸ்ஸில வரேக்க, சீட் கிடைச்சா ரெண்டு பெருவிரலாலயும் முழு மெயிலையும் அடிச்சு முடிச்சிடுவார். எழுதேக்க ஸ்க்ரீன் முழுக்க மெயிலே தெரியிறது பெரிய வசதி, கீபோர்ட் வந்து அரைவாசியை மூடுறேல்ல, அங்கால ஆள் கேட்ட கேள்வியை மேல பாத்துக் கொண்டே கீழ பதில் எழுதலாம். கீ2வில ஒவ்வொரு எழுத்துக் கீக்கும் சட்டெண்டு அமத்தினா ஒண்டு, நீட்டி அமத்தினா ஒண்டு எண்டு 52 ஷோர்ட்கட் வைக்கலாம், மெயிலுக்கு ஒண்டும் கல்குலேட்டருக்கு ஒண்டும் வச்சுக் குடுத்தன், அவருக்கு அதுக்கு மேல தேவைப்படேல்ல. கீபோர்ட் மேல விரலைத் தடவினா பக்கம் மேல கீழ ஓடுற வசதியும் இருக்கு, வியர்வைக் கைக்கு அது சரிவராது எண்டு செட்டிங்கில நிப்பாட்டி விட்டம்.

இனித் தமிழ். உண்மையான சோதினை இதுதான்.

மாமா கடைக் கொம்பியூட்டரில வருசக்கணக்கா அடிக்கிறது பாமினி எண்ட தமிழ்க் கீபோர்ட் ஒழுங்கில. எங்கட ஆக்களில அச்சகம், பத்திரிகை, கடை, கோயில் ஒஃபிஸ் எண்டு போனா பாதிக்கு மேல அந்தக் கை ஒழுங்குதான் பழக்கம். கீழ கீபோர்ட் இருக்கிற போனை எடுத்தோடன அவர் எதிர்பாத்தது, கொம்பியூட்டரில அடிக்கிற மாதிரியே இதிலயும் அடிக்கலாம் எண்டு. நியாயமான எதிர்பார்ப்பு, ஆங்கிலம் அடிக்கிற ஆளுக்கு அது கிடைக்குது தானே.

ஆனா பாமினியில குற்று, அதாவது எழுத்துக்கு மேல வைக்கிற புள்ளி, செமிகோலன் கீயில இருக்கு. தமிழ் எண்டு அடிக்க ஜே, கே, பி, ஓ, செமிகோலன். போனில இருக்கிறது 26 எழுத்துக் கீதான், செமிகோலனுக்குத் தனிக் கீ இல்ல, அது ஜே கீயின்ர மூலையில ஆல்ட்டோட சேத்து அமத்தினா வாற குறி. இப்ப வெங்காயம் எண்டு அடிச்சுப் பாருங்கோ: ஒற்றைக்கொம்பு (ெ), வ, ங, குற்று, க, அரவு (ா), ய, ம, குற்று. கொம்பியூட்டரில ஒம்பது அமத்து. பிளாக்பெரி கீபோர்ட்டில இதே ஒழுங்கை வச்சா ஒவ்வொரு குற்றுக்கும் ஆல்ட் ஒண்டு கூட, பதினொண்டு. இஞ்சி இன்னும் மோசம். இ எழுத்து காற்புள்ளிக் கீயில, அதுக்கு ஆல்ட், ஞ எழுத்துக்கு ஷிஃப்ட், குற்றுக்குத் திரும்ப ஆல்ட், மூண்டெழுத்துச் சின்னச் சொல்லுக்கு எட்டு அமத்து. தமிழில குற்று வராத சொல் எத்தினை, ஒரு வரியில நாலஞ்சு இடத்தில வரும், ஒவ்வொண்டுக்கும் விரல் ஆல்ட்டுக்கு ஓடிட்டுத் திரும்ப வரவேணும்.

இதுவும் ஒரு அப் ஒழுங்கா வேலை செய்தா வாற கணக்கு. அங்கதான் அடுத்த முட்டு. தமிழ் கீபோர்ட் அப்புகள் கூடுதலானது ஸ்க்ரீனில தெரியிற கீயை மட்டும்தான் கவனிக்கும், கீழ உண்மையான கீயை அமத்தினா ஆங்கில எழுத்துத்தான் விழும். ஆண்ட்ராய்டில வெளிக் கீபோர்ட்டுக்கு லேஅவுட் மாத்திற வழி இருக்கு, எண்டாலும் அது ஒரு கீக்கு ஒரு எழுத்து எண்ட கணக்கில ஓடுறது. பாமினியில ஒற்றைக்கொம்பை முதல்ல அடிச்சுப் பிறகு வ அடிக்கிறம், போன் எழுத்தைச் சேமிக்கிற யூனிகோட் முறையில வ முன்னுக்கும் கொம்பு பின்னுக்கும் நிக்கவேணும், அந்த இடமாத்தத்தைச் செய்யிறதுக்கு நடுவில ஒரு சொஃப்ட்வெயார் இருந்தாத்தான் சரிவரும். கொம்பியூட்டரில என்எச்எம் ரைட்டர் மாதிரி ஒண்டு அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்து குடுக்குது, போனில கீழ்க் கீபோர்ட்டுக்கு அப்பிடி ஒண்டு எங்களுக்குக் கிடைக்கேல்ல.

தமிழ்99 எண்ட மற்றக் கீபோர்ட் ஒழுங்கு தெரிஞ்ச ஆளுக்கு எப்பிடி எண்டும் பாத்தன். அந்த ஒழுங்கு கொம்பியூட்டருக்கு நல்ல அருமையான ஒழுங்கு, உயிர் இடக்கையில, மெய் வலக்கையில, குற்றைக் கனக்க இடத்தில தானே போட்டுக்கொள்ளும். ஆனா அதுக்கு 31 கீ வேணும். ச, ஞ ரெண்டும் சதுர அடைப்புக் கீகளில, ந செமிகோலனில, ய ஒற்றை மேற்கோளில, ழ சாய்கோட்டில. போன் கீபோர்ட்டில இந்த அஞ்சுக்கும் தனிக் கீ இல்ல. ச, ந, ய மூண்டும் இல்லாமல் தமிழில ஒரு வரி எழுதிப் பாருங்கோ. வலப்பக்கத்தில அஞ்சு கீயைக் குறைச்சது ஆங்கிலத்துக்கு ஒரு கேடும் செய்யேல்ல, ஏனெண்டா அதில இருந்தது வெறும் குறிகள், எங்களுக்கு அங்க இருந்தது உயிர்மெய்.

முரசு அஞ்சல் மாதிரி, தமிழ்ச் சத்தத்தை ஆங்கில எழுத்துக் கீயில அடிக்கிற உச்சரிப்பு ஒழுங்கு மட்டும்தான் 26 கீக்குள்ள அடங்கும், அதில ழவுக்கு இசட், நவுக்கு டபிள்யூ எண்டு எல்லாமே எழுத்துக் கீயிலயே இருக்கு. மச்சாளுக்கு அந்தப் பழக்கம், கீழ்க் கீயைக் கவனிக்கிற ஒரு அப்பைப் போட்டுக் குடுத்தோடன அவா கடகடவெண்டு அடிச்சா, நல்லாத்தான் இருந்தது, ஆனா ஷிஃப்ட் அடிக்கடி வேணும், ண, ள, ற மூண்டுக்கும். மாமாவுக்கு அது வேண்டாம். "பிள்ளை, நான் தமிழை இங்கிலீசில நினைச்சு எழுதேலாது" எண்டார். ஆங்கில எழுத்திலயே தமிழை எழுதி அனுப்புங்கோவன் எண்டு மச்சாள் கேட்டதுக்கும் ஓமெண்டு சொல்லேல்ல, லொறி ஓட்டிக்கொண்டு வாற பெடியன் தம்புள்ளையில நிப்பாட்டி வாசிக்கேக்க ஒரு பார்வையில விளங்கவேணும், அதுக்குத் தமிழ் எழுத்துத்தான் வேணும் எண்டார். அவர் சொல்லுறது முழுக்கச் சரி எண்டுதான் நான் நினைக்கிறன்.

மிச்சமிருந்த வழி, கீ2 ஸ்க்ரீனில தமிழ்க் கீபோர்ட்டை வர வைக்கிறது. செட்டிங்கில அதுக்கு இடமிருக்கு. ஆனா 4.5 அங்குல ஸ்க்ரீன், மற்றப் போன்களை விட உயரம் குறைவு, அதுக்குள்ள கீபோர்ட் வந்து குந்தினா வட்ஸ்அப்பில ரெண்டு மெசேஜ்தான் தெரியும், கீழ உண்மையான கீபோர்ட் சும்மா கிடக்கும். அப்ப அவர் முந்தி வச்சிருந்த போனை விடச் சின்ன இடத்தில டச்சில அடிக்கிறார், பிழை கூடினதே தவிரக் குறையேல்ல. சொல்லி எழுத வைக்கிறதையும் பாத்தம், வீட்டில பரவாயில்ல, நாலாம் குறுக்குத்தெருவில மூட்டை தூக்கிற நாட்டாமைமார் வழி கேட்டுக் கத்துற சத்தத்துக்கையும் லொறி ஹோனுக்கையும் அது எடுபடேல்ல, அதோட விலையைப் பலத்துச் சொல்லுறது எந்த வியாபாரிக்கும் விருப்பமில்ல.

மற்ற விசயங்கள் சுருக்கமாப் போதும். ஆண்ட்ராய்டு 8.1 எண்டது 2017 கடைசியில வந்தது, பாதுகாப்பு அப்டேட் எல்லாம் எப்பவோ நிண்டிட்டுது, மாமாட பேங்க் அப் ஒண்டு அதில ஏறவே மறுத்திட்டுது, ஏறினாலும் நான் போட விட்டிருக்க மாட்டன். கமரா பில்லைப் படமெடுக்கப் போதும். பற்றரியைக் கழட்டி மாத்தேலாது, இத்தினை வருசம் கடந்த பற்றரி எந்த நிலையில இருக்கு எண்டது போனுக்குப் போன் வித்தியாசம், கடையில வச்சு ஒரு அரை மணித்தியாலமாவது ஸ்க்ரீனைப் போட்டு எத்தினை வீதம் இறங்குது எண்டு பாக்காமல் காசு குடுக்கக் கூடாது. ஒவ்வொரு கீயையும் அமத்திப் பாருங்கோ, முக்கியமா ஸ்பேஸ் பாரும் ஆல்ட்டும், ஒரு கீ செத்தா அதுக்குப் பார்ட்ஸ் தேடி அலையவேணும்.

அதை விட முக்கியம் ஐஎம்ஈஐ, ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியா இருக்கிற அடையாள இலக்கம். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில பதியாத போன்களுக்கு 2025 ஜனவரி 28இல இருந்து நெட்வொர்க் குடுக்கிறதில்ல எண்டு அறிவிச்சிருக்கினம், அதுக்கு முதலே இங்க பாவனையில இருந்த போன்களுக்குப் பாதிப்பில்ல எண்டும் சொன்னவை. நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அடிச்சா 15 இலக்கம் வரும், ஐஎம்ஈஐ எண்டு ஆங்கிலத்தில எழுதி ஒரு இடைவெளி விட்டு அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா பதிவில இருக்கோ எண்டு தெரியவரும். வெளிநாட்டில இருந்து ஆரோ கொண்டு வந்து பெட்டிக்குள்ளயே வச்சிருந்த கீ2 எண்டா இதைப் பாக்காமல் தொடவேண்டாம்.

முடிவு எப்பிடி வந்ததெண்டா, ஒரே போனா இதை எடுக்க வேண்டாம் எண்டு மாமாவுக்குத் தெளிவாச் சொன்னன். அவற்ற எழுத்தில ஆகக் கூடின பங்கு தமிழ், அந்தப் பங்குக்கு இது உதவாது, அதோட பேங்க் வேலையையும் பழைய ஆண்ட்ராய்டில விடேலாது. ஆனா விலை லிஸ்ட்டுக்கும் மெயிலுக்கும் இதை விட நல்லது அவருக்கு நான் காணேல்ல, அதையும் மறைக்கேல்ல. கடைசியில அண்ணையிட்டயே அந்தக் கீ2வை விலை பேசி எடுத்தார். சிம் போடேல்ல, பெரிய ஸ்க்ரீன் போனில இருந்து ஹொட்ஸ்பொட், மெயிலுக்குக் கடைக்கெண்டு தனி அக்கவுண்ட், வேற ஒரு அப்பும் ஏத்தேல்ல. விலையை அதில அடிச்சு மெயிலில தனக்கே அனுப்புவார், மற்றப் போனில அதை எடுத்து வட்ஸ்அப்பில போடுவார். சுத்துவழிதான், எண்டாலும் இலக்கம் பிழைக்கிறது நிண்டிட்டுது. தமிழுக்குப் பெரிய போனில பாமினி ஒழுங்கு வாற ஸ்க்ரீன் கீபோர்ட்டைப் போட்டு, கீகளின்ர உயரத்தை ஆகக் கூட்டி வச்சுக் குடுத்தன், கண்ணாடி போட்டுத்தான் அடிக்கிறார்.

யூனிஹெர்ட்ஸ் டைட்டன் 2 எண்டு 2025இல ஒண்டு வந்திருக்கு, சதுர ஸ்க்ரீன், ஆண்ட்ராய்டு 15, பற்றரியும் பெரிசு. பேங்க் அப் பிரச்சினை அதில தீரும், அதால இப்ப புதுசா ஒண்டு தேடுற ஆள் கீ2வை விட்டிட்டு அதைப் பாக்கிறது புத்தி. ஆனா அதிலயும் எழுத்துக் கீ அதே 26தான், தமிழுக்கு உள்ள முட்டு அப்பிடியே நிக்கும்.

கீபோர்ட் அப் செய்யிற எங்கட பிள்ளைகளிட்ட ஒண்டு கேக்கிறன். கீ2வில எம் கீக்குப் பக்கத்தில ஒரு காசுக்குறிக் கீ இருக்கு, தமிழ் எழுதேக்க அதைக் குற்றுக்குக் குடுங்கோ, வெங்காயம் திரும்ப ஒம்பது அமத்தில வந்திடும். இ எழுத்தை ஸ்பேஸ் பாருக்குப் பக்கத்துச் சைபர்க் கீயில வைக்கலாம், சைபர் ஆல்ட்டோட வரட்டும். கீழ்க் கீயைக் கவனிச்சு, கொம்பை இடம் மாத்தி, யூனிகோட்டாக் குடுக்கிற ஒரு அப், பாமினிக்கு ஒண்டு, தமிழ்99க்கு ஒண்டு. செய்து தந்தா மாமாட கடையில வச்சுச் சோதிச்சு, எந்தச் சொல்லில முட்டுது எண்டு ஒவ்வொண்டா எழுதித் தர நான் ரெடி.